வருடத்துக்கு ஒருமுறை இறந்த மனிதர்

மிஸ்டர் தில்லைநாதன் அவர்கள் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா. காலையில் வேலைக்கு வரும் வழியில் கேள்விப்பட்டு, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"ரீச்சர், தில்லை ஐயா மோசம் போயிட்டார்."

நான் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "அது ஐப்பசியிலையெல்லோ?" என்றேன்.

"இது ஒத்திகை இல்லை, ரீச்சர்," என்றார் ஜெசிந்தா.

அதன் பிறகுதான் நான் வாளியைக் கீழே வைத்தேன்.

எங்கள் ஊரவர்களுக்கு இந்த உரையாடலை விளக்கவேண்டியதில்லை. கனடாவிலும் நோர்வேயிலும் இருந்து இந்த நினைவு மலரை வாசிப்பவர்களுக்கு விளக்கவேண்டும். மிஸ்டர் தில்லைநாதன் அவர்கள் கடந்த சில ஆண்டுகளாக, ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலையத்தின் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து, எங்கள் வேண்டுகோளின்படி இறந்துகொண்டிருந்தார். காலையில் இறந்தால் வேலை முடியும்வரை இறந்தபடியே இருப்பார். மதிப்பான உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இப்படிச் செய்யக் காரணமாக இருந்தவள் நான். ஆகவே எழுதவேண்டியவளும் நான்தான்.

அவருடைய துணைவியார் பரமேஸ்வரி என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனை வைத்தார்.

"எல்லாரும் எழுதுற மாதிரி எழுதாதேங்கோ, ரீச்சர். 'பழகுவதற்கு இனியவர்' எண்டு போட்டியள் எண்டால் ஊர் சிரிக்கும்."

எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன். மிஸ்டர் தில்லைநாதன் பழகுவதற்கு இனியவர் அல்லர்.

அவர் தொலைத்தொடர்புத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப் பையில் அவர் திருப்புளி வைத்திருந்தார். கூட்டத்தில் கையெழுத்திடச் சொன்னால் முதலில் திருப்புளிதான் வெளியே வரும். நான் பட்டணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பின்னர் ஆங்கிலம் கற்பித்தவள். நேரம் தவறி வருபவரையும் முடிவில்லாத வசனத்தையும் எனக்குப் பிடிக்காது. மிஸ்டர் தில்லைநாதன் நேரம் தவறுவதில்லை. அவருடைய வசனங்களோ முடிவதில்லை. ஒரு மின்குமிழ் ஏன் எரியவில்லை என்று கேட்டால் மின்சாரம் உற்பத்தியாகும் இடத்தில் இருந்து தொடங்குவார்.

ஊரில் எல்லோரும் அவரைத் தில்லை அண்ணை என்றும் தில்லை ஐயா என்றும் அழைத்தார்கள். நான் மிஸ்டர் தில்லைநாதன் என்றே அழைத்தேன். அவர் என்னை ரீச்சர் என்றார். இருவரும் கடைசிவரை அதில் இருந்து இறங்கவில்லை. "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறது கோட்டிலை வழக்கு விளக்கம் நடக்கிற மாதிரி இருக்கு" என்று காலஞ்சென்ற என் கணவர் சொல்வதுண்டு.

எங்கள் வழக்கு எதைப் பற்றியது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பழைய ஆல்பம் உள்ள வீடு குறைவு. போரில் இடம்பெயர்ந்தபோது கையில் அகப்பட்டதோடு புறப்பட்டவர்கள் நாங்கள். அரிசி எடுத்தோம், காணி உறுதி எடுத்தோம், ஒருவர் கோழியும் எடுத்தார். ஆல்பம் எடுக்கத் தோன்றவில்லை. ஆனால் அதற்கு முன்னரே கலியாணப் படங்களையும் பூப்புனித நீராட்டுப் படங்களையும் வெளிநாட்டில் இருந்த சகோதரங்களுக்குத் தபாலில் அனுப்பியிருந்தோம். நாங்கள் இழந்த முகங்கள் அவர்களுடைய அலுமாரிகளில் இருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி எங்கள் நிலையம் கேட்டுக்கொண்டது. படங்கள் வரத்தொடங்கின. வந்தவற்றை எல்லாம் வாசிகசாலைக் கணினி ஒன்றில் சேர்த்தோம்.

ஒருநாள் அந்தக் கணினி எழும்பவில்லை. மிஸ்டர் தில்லைநாதன் திருப்புளியை எடுத்தார். உள்ளே எறும்புகள் முட்டையிட்டுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சில குடும்பங்களின் படங்கள் அதோடு போயின. நிலையத்தின் தலைவி என்ற முறையில், படங்களை இன்னொருமுறை அனுப்புமாறு அவர்களிடம் கேட்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அது இனிய வேலையல்ல.

இனி இப்படி நடக்கக்கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டோம். எப்படி என்பதில்தான் பிரிந்தோம்.

தேவைப்பட்டது ஒரு சேமிப்புப் பெட்டி. நான்கு டிஸ்க்குகளை ஒரே பெட்டியில் அடுக்கி வலையமைப்பில் இணைத்துவிட்டால், வாசிகசாலையின் எந்தக் கணினியில் இருந்தும், அனுமதி கொடுத்தால் ரொறன்ரோவில் இருந்தும் படங்களைப் பார்க்கலாம். நான்கில் ஒன்று பழுதானால் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் பங்கை மீட்டுக்கொடுக்கும். இரண்டு ஒரே நேரத்தில் போனால் எல்லாம் போய்விடும். இப்படிப்பட்ட பெட்டியைக் கடையில் வாங்கலாம். அல்லது பழைய கணினி ஒன்றை எடுத்து நாமே கட்டலாம். நான் வாங்கும் கட்சி. மிஸ்டர் தில்லைநாதன் கட்டும் கட்சி.

கொழும்பில் இருந்து ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் வந்து வழவழப்பான தாளில் படம் காட்டிவிட்டுப் போயிருந்தார். பேக்கரியில் வாங்கிய ஒரு றாத்தல் பாணை நிமிர்த்தி வைத்தது போன்ற அடக்கமான கறுப்புப் பெட்டி. எனக்குப் பிடித்திருந்தது. நிர்வாக சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன்.

"வாங்கினால் உத்தரவாதம் இருக்கு. பழுதெண்டால் ஒரு நம்பருக்கு அடிக்கலாம்."

"அடிக்கலாம், ரீச்சர். 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' எண்டு ஒரு பெண்பிள்ளை சொல்லுவா. ரெலிபோன் வேலையிலை தலை நரைச்சவன் நான். அந்தப் பிள்ளை ஒருநாளும் லைனுக்கு வராது."

"கட்டினால் மட்டும்?"

"கட்டினால் பெட்டி செத்தாலும் டிஸ்க்கைக் கழட்டி எந்தப் பழைய கொம்பியூட்டரிலையும் கொழுவலாம். வாங்கின பெட்டி செத்தால் அதே கொம்பனியின்ரை பெட்டி தேடவேணும். அவை அந்த மொடலை நிப்பாட்டிப்போட்டினம் எண்டு வையுங்கோ. எங்கடை படம் எங்கடை கையிலை இருக்கும், நாங்கள் பாக்கேலாது."

நான் மறுமொழி சொல்வதற்குள் அவர் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"ரீச்சர், நீங்கள் கறித்தூள் கடையிலை வாங்கிறனீங்களோ?"

நான் வாங்குவதில்லை என்பது ஊருக்குத் தெரியும். செத்தல் மிளகாயை வெயிலில் காயவைத்து, மல்லியையும் சீரகத்தையும் என் கையால் வறுத்து மில்லுக்குக் கொண்டுபோகிறவள் நான். அரைத்து முடியும்வரை மில்காரருக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.

"இல்லை," என்றேன்.

"என்னத்துக்கு வாங்கிறேல்லை?"

"கடைத் தூளிலை என்னத்தைக் கலந்திருக்கினம் எண்டு தெரியாது."

"அதுதான்," என்று சொல்லிவிட்டு அவர் சாய்ந்து உட்கார்ந்தார். சபையினர் சிரித்தார்கள்.

"மிஸ்டர் தில்லைநாதன், தூள் பிழைச்சால் ஒருநாள் கறி போகும். படம் போனால் அந்தச் சனத்துக்குத் திரும்பக் கலியாணம் கட்டிவைக்கேலாது," என்றேன். சபையினர் இதற்கும் சிரித்தார்கள். எங்கள் சபையினர் எந்தப் பக்கம் சொன்னாலும் சிரிப்பார்கள். வாக்களிக்கச் சொன்னால் நிலத்தைப் பார்ப்பார்கள்.

ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்டேன். கேள்வியைச் சுற்றிவளைக்கக்கூடாது என்பது கன்னியாஸ்திரிகள் எங்களுக்குப் பழக்கிய ஒழுக்கம்.

"நீங்கள் கட்டுவியள். பழுதெண்டால் நீங்களே திருத்துவியள். சரி. நீங்கள் செத்துப்போனால் ஆர் பாக்கிறது?"

பொருளாளர் குகதாசன் "ரீச்சர்..." என்று இழுத்தார். அவர் வங்கியில் வேலை பார்த்தவர். இப்படியான கேள்விகளைப் படிவத்தில் கேட்பாரே தவிர வாயால் கேட்கமாட்டார்.

மிஸ்டர் தில்லைநாதனின் முகம் சுருங்கவில்லை. பதினைந்து நிமிடமாக என்னோடு வழக்காடிய மனிதர் முதல்தடவையாக யோசித்தார். பிறகு, "நல்ல கேள்வி," என்றார். "ஒண்டு செய்வம். நான் கட்டுறன். கட்டி முடிஞ்ச பிறகு நான் செத்துக் காட்டுறன். நான் இல்லாமல் நீங்கள் அதைத் திருத்திப் பாருங்கோ. ஏலாட்டி உங்கடை கறுப்புப் பெட்டியை வாங்குவம்."

"ஒருக்காச் செத்தால் போதாது. ஆக்கள் மறந்துபோவினம். வருசத்துக்கு ஒருக்காச் சாகவேணும்," என்றேன்.

"வருசத்துக்கு ஒருக்கா," என்று ஒப்புக்கொண்டார்.

பெட்டியைக் கட்டுவதென்றும், கட்டியவர் ஆண்டுக்கு ஒருமுறை இறப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. குகதாசன் அதைக் கூட்டக் குறிப்பிலும் அப்படியே எழுதினார்.

பெட்டி வாசிகசாலை மேசையில், பத்திரிகை வாசிக்க வருபவர்களின் ஆலோசனைகளுக்கு நடுவே உருவானது. பழைய கணினிக் கூட்டுக்குத் தன் வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ரை அடித்திருந்தார். அதைவிட அவலட்சணமான ஒரு பொருளை நான் கண்டதில்லை.

"ஐயா, குருநகரிலை எங்கடை ஆக்களின்ரை மீன் பெட்டி இதைவிட வடிவு," என்றார் ஜெசிந்தா. அவர் அங்கிருந்துதான் தினமும் வருகிறவர்.

"உங்கடை பெட்டியிலை மீன் எத்தினை நாள் கிடக்கும், பிள்ளை?"

"ஐஸ் போட்டால் ரெண்டு நாள்."

"இதிலை உன்ரை கலியாணப் படம் உன்ரை பேரப்பிள்ளையள் பாக்குமட்டும் கிடக்கும்."

"அப்ப முதல்லை மாப்பிள்ளையைக் கட்டித் தாங்கோ," என்றார் ஜெசிந்தா.

முதலாவது ஒத்திகை நாள் வந்தது. மிஸ்டர் தில்லைநாதன் ஒரு டிஸ்க்கைப் பழுதானதாக மாற்றிவைத்துவிட்டு, முற்றத்தில் போய் அமர்ந்து, "செத்திட்டன்" என்று அறிவித்தார். விதி ஒன்றே ஒன்றுதான். செத்தவர் கதைக்கக்கூடாது. உள்ளே நான், ஜெசிந்தா, குகதாசன்.

நாங்கள் தொடங்கமுதலே பரமேஸ்வரி குடையோடு வந்துவிட்டார். அவர் புத்தூரில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய குரல் வயலில் அடுத்த வரம்புக்குக் கேட்கும்.

"பிறசருக்குக் குளிசை போடுற மனிசன். நான் விரதம் பிடிச்சு உயிரோடை வைச்சிருக்கிறன். நீங்கள் சனிக்கிழமையும் அதுவுமாச் சாக்காட்டுறியளோ?"

"பரமேசு, செத்தவனோடை கதைக்கக்கூடாது," என்றது கதிரை.

"செத்தவர் பதில் சொல்லவும் கூடாது, மிஸ்டர் தில்லைநாதன்," என்று நான் யன்னலால் சொன்னேன்.

பரமேஸ்வரி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு குடையை விரித்துக் கணவருக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரையில் 'டிஸ்க் 2 பழுது' என்று வந்தது. குகதாசன் மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி இரண்டாவதைக் கழற்றினார். பெட்டி கீச்சிட்டது.

"ஐயோ, அது நல்ல டிஸ்க்," என்று முற்றத்தில் இருந்து குரல் வந்தது.

"இருங்கோ," என்றேன்.

"ரீச்சர், எல்லாம் போகுது."

"போகட்டும். நீங்கள் செத்தால் இப்பிடித்தான் போகும். அதைத்தான் பாக்கிறம்."

எல்லாம் போயிற்று. படங்களின் மறுபிரதி ஒன்றை மிஸ்டர் தில்லைநாதன் தன் வீட்டு அலுமாரியில் வைத்திருந்ததால் நட்டம் இல்லை. ஆனால் காரணம் தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் சிறியதல்ல. அவர் டிஸ்க்குகளை சைபரில் இருந்து எண்ணியிருந்தார். அவருடைய இரண்டு எங்களுடைய மூன்று.

"எல்லா மெசினும் சைபரிலை இருந்துதான் எண்ணும், ரீச்சர்."

"மெசின் எண்ணட்டும். இங்கை கழட்டுறது குகதாசன்."

இலக்கமே வேண்டாம், பெயர் வைப்போம் என்றார் குகதாசன். வெகுநேரம் யோசித்து, மேலிருந்து கீழாக கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று பெயின்ரால் எழுதினோம். யாழ்ப்பாணத்தில் இருந்து காங்கேசன்துறை ரயிலில் ஏறியவர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வரிசை அது. திரையிலும் அந்தப் பெயர்களே வரும்படி மிஸ்டர் தில்லைநாதன் மாற்றினார். ஒரு வாரம் முறுகிக்கொண்டு திரிந்தார். பிறகு, "நல்ல ஒழுங்கு" என்று சொன்னார். அந்த ஒழுங்கு தன்னுடையது என்று பின்னர் பலரிடம் சொன்னதாகவும் அறிந்தேன்.

அடுத்த ஆண்டு சரியான டிஸ்க்கைக் கழற்றிச் சரியான டிஸ்க்கை மாட்டினோம். பெட்டி புதிய டிஸ்க்கில் பழைய படங்களை மீள எழுதத் தொடங்கியது. பல மணி நேரம் எடுக்கும் வேலை அது. பாதியில் வானம் இருண்டு இடி முழங்கியது. குகதாசன் எழுந்து ஓடி மெயின் சுவிச்சை இறக்கினார். அவர் யோசித்துச் செய்யவில்லை. இடி கேட்டால் மெயினை இறக்குவது எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இமை மூடுவது போன்ற காரியம். பெட்டி அணைந்தது.

வெளியே மழை கொட்டியது. மிஸ்டர் தில்லைநாதன் எழும்பவில்லை. நனைந்தபடி இருந்தார்.

"உள்ளுக்கு வாங்கோ, ஐயா," என்று ஜெசிந்தா கத்தினார்.

அவர் வாயைத் திறக்காமல் என்னைச் சுட்டிக்காட்டினார். விதியை ஆக்கியவள் நான் என்பது பொருள். நான் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுந்து வந்தார். அன்று பரமேஸ்வரி எனக்குச் சொன்னவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

குகதாசனைத் திட்டவேண்டும் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். மிஸ்டர் தில்லைநாதன் விடவில்லை. அடுத்த வாரம் ஒரு பெரிய பற்றறியைக் கொண்டுவந்து பெட்டியோடு இணைத்தார். "குகன், இடிச்சால் நீர் இறக்கும். பெட்டி தன்ரை பாட்டிலை ஓடும்," என்றார். நான் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளைத் திருத்தியவள். அவர் மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியைத் திருத்துவார். எந்த முறை நல்லது என்று எனக்குள் இன்னும் முடிவாகவில்லை.

கடந்த ஐப்பசியில் எல்லாம் சரியாக நடந்தது. நாங்கள் ஒருதடவையும் யன்னல் பக்கம் திரும்பவில்லை. மாலையில் போய், "உயிர் வரலாம், மிஸ்டர் தில்லைநாதன், முடிஞ்சுது," என்றேன். அவருக்கு மகிழ்ச்சியில்லை.

"ஒரு சந்தேகமும் வரேல்லையோ?"

"இல்லை."

"நான் எழுதிவைச்ச அந்த மூண்டாவது கட்டளையிலை ஒரு சின்னச் சிக்கல் இருக்குமே."

"இருந்தது. ஜெசிந்தா பாத்திட்டா."

"அப்ப நான் தேவையில்லை," என்று கதிரையை மடித்தார்.

"அப்பாடா," என்றார் பரமேஸ்வரி. "இனியெண்டாலும் எங்கடை வீட்டுக் கூரையைப் பாருங்கோ. ரெண்டு மாரி மழைக்கு ஒழுகிப்போட்டுது."

அந்தக் கூரையில் அவர் பாதி வேலை செய்தார்.

தை மாதத்தில் மொன்றியலில் இருந்து ஒரு படம் வந்தது. அது பரமேஸ்வரியின் தாயாருடையது. பரமேஸ்வரி சிறுமியாக இருந்தபோதே தாயார் இறந்துவிட்டார். வீட்டில் இருந்த ஒரேயொரு படமும் இடப்பெயர்வோடு போய்விட்டது. "அம்மாவின்ரை முகம் எனக்கு நினைவில்லை, ரீச்சர். கையிலை கிடந்த காப்புத்தான் நினைவு," என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒன்றுவிட்ட சகோதரி ஒருவரின் ஆல்பத்தில் அந்தப் படம் இருந்தது. அவர் முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் ஸ்கேன் செய்து அனுப்பினார். பிறகு வீட்டைக் காலிசெய்தவர்கள் ஆல்பங்களை வீசிவிட்டார்கள். ஆகவே உலகத்தில் அந்த முகம் இருந்த ஒரே இடம் எங்கள் நீலப் பெட்டி.

படத்தில் ஈரம்பட்டு ஒரு கறை முகத்தை மூடியிருந்தது. மிஸ்டர் தில்லைநாதன் தினமும் வாசிகசாலைக்கு வந்து கணினியில் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி கேட்டால், "கறை போகட்டும், காட்டுறன்" என்பார். முடிக்காத வேலையைக் காட்டும் பழக்கம் அவருக்கில்லை. முடிக்கும் பழக்கமும் இல்லை.

மாசியில் ஒருநாள் காலையில் தேநீர் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. பரமேஸ்வரி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, "வீட்டிலையும் ஒத்திகையோ?" என்று கேட்டாராம். செத்தவீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பெட்டி கீச்சிட்டது. ஜெசிந்தா ஓடிவந்தார்.

"ரீச்சர், இணுவில் போயிட்டுது."

இந்தமுறை எவரும் மாற்றிவைத்த பழுதல்ல. போய்ப் பார்த்தோம். மூன்று டிஸ்க்குகள் உயிரோடு இருந்தன. இன்னொன்று போனால் எல்லாம் போய்விடும். அவர் வீட்டு அலுமாரியில் இருந்த மறுபிரதி மார்கழியில் எடுத்தது. தையில் எடுக்கவேண்டியதை அவர் மாசிக்குத் தள்ளியிருந்தார், மாசியில் அவரே போய்விட்டார். மார்கழிக்குப் பின் வந்த படம் எதுவும் அதில் இல்லை. உடனே புதிய பிரதி எடுத்திருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது; ஒத்திகையில் அது இருக்கவில்லை.

குகதாசன் மெதுவாக, "கொழும்பிலை இருந்து ஆரையும் கூப்பிடுவமோ?" என்றார்.

"என்னத்துக்கு? பழகினது என்னத்துக்கு?" என்றேன்.

புதிய டிஸ்க் வாங்க நானும் ஜெசிந்தாவும் பட்டணத்துக்குப் போனோம். கடையில் இருந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்கவர், நன்றாக உடுத்தியிருந்தார்.

"எந்தக் கொம்பனிப் பெட்டி, அம்மா?"

"எங்கடை பெட்டி," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. ஜெசிந்தா விளங்கப்படுத்தினார். உடனே அவர் உள்ளே போய் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் இத்தனை ஆண்டுகள் ஆதரித்து வாதாடிய அதே மாதிரிப் பெட்டி. தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"வீட்டிலை கட்டினதை நம்பேலாது, அம்மா. இதை வாங்கிக்கொண்டு போங்கோ."

"தம்பி, நாளைக்கு உங்கடை கொம்பனி இந்த மொடலை நிப்பாட்டினால் எங்கடை படத்தை ஆர் எடுத்துத் தாறது?"

"அப்பிடியொண்டும் நடக்காது. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

நல்ல பிள்ளைதான். ஆனால் இதே போன்றதொரு கேள்வியை, இதைவிடக் கடுமையாக, நான் வேறொருவரிடம் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். அவர் யோசியாதேங்கோ என்று சொல்லவில்லை. தான் சாவதற்கு நாள் குறித்தார்.

"டிஸ்க்கை மட்டும் தாங்கோ, தம்பி," என்றேன்.

வாசிகசாலைக் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினோம். ஜெசிந்தா அவர் எழுதிவைத்த கட்டளைகளை வாசித்தார். நான் ஒவ்வொன்றையும் திரும்ப வாசிக்கச் செய்தேன். குகதாசன் கொக்குவில், கோண்டாவில் என்று விரலால் தொட்டுக்கொண்டு வந்து இணுவிலில் நின்றார்.

"கழட்டட்டோ?"

"இன்னொருக்கா எண்ணுங்கோ."

எண்ணினார். கழற்றினார். பெட்டி கீச்சிடவில்லை. புதியதை மாட்டினோம். பெட்டி எழுதத் தொடங்கியது. இனிக் காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேலையில்லை.

அப்போது பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பரமேஸ்வரி நின்றார். செத்தவீட்டுத் துடக்குக்காரர், அதுவும் கணவனை இழந்தவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் வெளியே இறங்குவதில்லை. பின் ஒழுங்கையால் வந்திருந்தார். குகதாசன் எழுந்து நின்று எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

"பெட்டி பழுதெண்டு கேள்விப்பட்டன்," என்றார் பரமேஸ்வரி. "அம்மா அதுக்குள்ளையெல்லோ."

"வாங்கோ, இருங்கோ," என்றேன். நானும் அந்த நாட்களை வீட்டுக்குள் இருந்து கழித்தவள். அவை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

நான்கு பேரும் திரையில் நகரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு மிகவும் மெதுவாக நகர்ந்தது.

"இந்தக் கோட்டையும் அவர்தான் கீறினவரோ?" என்று பரமேஸ்வரி கேட்டார்.

"ஓம்," என்றார் ஜெசிந்தா.

"அதுதான் அசையுதில்லை."

மின்சாரம் ஒருமுறை நின்று வந்தது. பற்றறி தாங்கியது. குகதாசன் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பின்னேரம் கோடு முடிவுக்கு வந்தது. திரையில் நான்கு பெயர்களும் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தன. எழுதி முடிந்ததும் ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பார்க்கவேண்டும் என்பது ஒழுங்கு. எந்தப் படம் என்று நான் சொல்லத் தேவைப்படவில்லை. ஜெசிந்தா திறந்தார்.

இருபத்தைந்து வயதுகூட இராத ஒரு பெண், கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். மிஸ்டர் தில்லைநாதன் முகத்தை முழுவதும் துப்புரவாக எடுத்துவிட்டிருந்தார். கண்ணிமைகூடத் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே, சேலையில், கறை அப்படியே இருந்தது.

பரமேஸ்வரி திரைக்குக் கிட்டப் போனார். நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா சின்னப்பிள்ளை," என்றார். "என்ரை மகளைவிடச் சின்னன்."

பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேலையை விட்டிட்டார், பாத்தீங்களோ, ரீச்சர்? எந்த வேலையை இந்த மனிசன் முடிச்சவர்," என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. செத்தவீடு நடந்த நாளில் இருந்து அவர் சிரித்ததை நான் காணவில்லை.

சேலையில் உள்ள கறையை எடுக்கட்டுமா என்று ஜெசிந்தா கேட்டார். பரமேஸ்வரி வேண்டாம் என்றார். "அது அவர் விட்ட இடம். கிடக்கட்டும்."

அதற்குப் பிறகு சபை ஒருமுறை கூடியது. வெளிநாட்டு அன்பர் ஒருவர் மிஸ்டர் தில்லைநாதனின் நினைவாகக் கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கித்தர முன்வந்திருந்தார். நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். அது மறுபிரதிக்கு. வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. அது மாறவில்லை, குறிப்பில் எழுதச் சொன்னேன். நீலப் பெட்டியை அகற்றுவதா என்று ஒருவர் கேட்டபோது அந்தக் கேள்வி ஒழுங்கற்றது என்று தீர்ப்புச் சொன்னேன்.

பிறகு குகதாசன் தொண்டையைச் செருமினார்.

"இந்தமுறை ஒத்திகைக்கு ஆர் சாகிறது?"

எல்லோரும் நிலத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். பெட்டியைப் பற்றி இப்போது அதிகம் தெரிந்தவள் நான் என்பது அவர்கள் எண்ணம். வயதும் பொருத்தமாக இருக்கிறது.

"ரீச்சராலை கதைக்காமல் இருக்க ஏலுமோ?" என்றார் ஜெசிந்தா. சபையினர் சிரித்தார்கள். இந்தமுறை வாக்களிக்கவும் செய்தார்கள். ஏகமனதாக நான் இறப்பதென்று தீர்மானமாயிற்று.

மிஸ்டர் தில்லைநாதன், நான் கேட்ட கேள்விக்கு உரிய விடை கிடைத்துவிட்டது. விடை சரியா என்று பார்க்க நீங்கள் இருக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கேள்வியே அதுதான். நான்கு ஸ்ரேஷனும் பச்சையாக இருக்கின்றன. உங்களிடம் சொல்ல இன்னும் சில குறைகள் வைத்திருக்கிறேன், அவற்றை வந்து நேரில் சொல்வேன். அதுவரை ஓய்வாக இருங்கள். இனி நீங்கள் கதைக்கலாம்.